மூன்று நாற்காலி விசாரணை

1. துரைக்குத் தமிழ்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். கார்டு பஞ்சிங், லீவு ரிஜிஸ்டர், ஷிப்ட் லிஸ்ட், மேனேஜர் சொல்லும் கடிதங்களை டைப் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவிலிருந்து சில மெஷின்கள் வந்தன. அவற்றை நிறுவிக் கொடுக்க ஸ்டான்லி என்று ஓர் இன்ஜினியரும் கூடவே வந்தார். ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணவன்தானே? தொரை பேசுறத ஆளுங்களுக்குத் தமிழ்ல சொல்லு."

டைப்பிங்குக்கும் மொழிபெயர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

முதல் நாள் துரை பேசியதில் பாதி புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, "மெஷின்ல கை வெக்காதீங்கன்னு சொல்றாரு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அது எப்படியும் தப்பாகாது. மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. அவர் பிறந்தது போலந்தில். வளர்ந்த பிறகு அமெரிக்கா போய்க் குடியுரிமை வாங்கியவர். "எனக்கும் இது இரவல் மொழிதான், மெதுவாகவே பேசுவோம்" என்றார். அதன் பிறகு எங்களுக்குள் சிக்கல் இல்லை.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அந்த நாட்டுக் குடிமகனாவதற்கு ஒரு பரீட்சை உண்டாம். அதற்கான கேள்வி பதில் புத்தகம். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார். பரீட்சை வைத்த அதிகாரி கேட்டது மூன்றே கேள்வி. அதில் ஒன்று, கொடியில் என்னென்ன நிறம் என்பது. துரைக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. படித்தது வீணாகக் கூடாதென்று புத்தகத்தை என்னிடம் கொடுத்து, மிச்சக் கேள்விகளைக் கேட்கச் சொன்னார். மெஷினில் ஆயில் சூடாகும் வரை நான் கேட்பேன். அவர் விறைப்பாக நின்று பதில் சொல்வார்.

"அரசாங்கத்துக்கு அதிகாரம் யாரிடமிருந்து வருகிறது?"

"மக்களிடமிருந்து."

"அரசாங்கத்துக்கு எத்தனை கிளை?"

"மூன்று."

நாலு மாதத்தில் அந்தப் பரீட்சையை நானே எழுதி பாஸ் பண்ணியிருப்பேன். நம் நாட்டு அரசியல் சட்டத்தில் ஒரு பக்கம் கூட அதுவரை நான் படித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2. செக்கிங்கும் பேலன்சும்

மெஷின் ஷாப்பில் டர்னராக இருந்த தனபால் பொன்னேரிக்காரர். தொழிலாளர் சார்பில் ஒர்க்ஸ் கமிட்டி மெம்பர். ஒருநாள் கேன்டீனில் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டார்.

"தொரையாண்ட தெனம் இன்னா சார் ஒப்பிச்சிக்கினு கீறீங்க?"

சொன்னேன். "அங்க கவர்மென்ட்ட மூணாப் பிரிச்சிருக்காங்க. சட்டம் போடுறவன் ஒருத்தன். அத நடத்துறவன் ஒருத்தன். தப்பு யாருதுன்னு தீர்ப்பு சொல்றவன் ஒருத்தன். மூணும் ஒரே ஆளு கையில இருக்கக் கூடாது. ஒருத்தர ஒருத்தர் செக் பண்ணிக்குவாங்க. அதுக்குப் பேரு செக் அண்ட் பேலன்ஸ்."

தனபால் யோசித்தார். "செக்கிங்கு கேட்டாண்ட கீது. பேலன்சு ஸ்டோர்ல கீது. இதுக்கு எதுக்கு சார் அமெரிக்கா வரைக்கும் போவணும்?"

எங்கள் ஆட்களுக்கு செக்கிங் என்றால் கேட்டில் பையைத் திறந்து காட்டுவது. பேலன்ஸ் என்றால் ஸ்டோரில் பித்தளை, கன்மெட்டல் மாதிரி உலோகங்களை எடை போடும் தராசு. வேறு அர்த்தம் கிடையாது.

"அந்த செக்கிங் இல்லப்பா. பிரசிடென்ட் போடுற உத்தரவையே அங்க கோர்ட்டு செக் பண்ணும்."

"பிரசிடென்ட்டையா? அவரும் பைய அவுத்துக் காட்டணுமா?"

"அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மெஷின் ஷாப் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி தினமும் கேட்டில் சோதனை முடிந்துதான் வீட்டுக்குப் போகிறார் என்று எல்லாரும் நம்பினார்கள். ஒருவர் துரையிடமே கேட்கச் சொன்னார். கேட்டேன். துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "தினமும் இல்லை. ஆனால் கருத்து அதுதான்" என்றார். நான் "ஆமாங்கிறாரு" என்று சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் எஸ்தர். கேன்டீனில் சோறு வடித்துப் பரிமாறுகிறவர். பொன்னேரி வயல்களில் நடவு நட்டுக்கொண்டிருந்துவிட்டு எங்கள் தொழிற்சாலைக்கு வந்தவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவர் கேட்டார்:

"செரி சார். அங்க கேட்டாண்ட நிக்கிறவன யாரு செக் பண்றது?"

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. துரையிடம் கொண்டு போனேன். "எனக்குப் பரீட்சை வைத்தவர் இதையல்லவா கேட்டிருக்க வேண்டும்" என்று வருத்தப்பட்டார்.

3. மூன்று காப்பி

எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சுபேதார்தான். கேன்டீனில் ஓசி டீ குடிக்காதவர். சிரிப்பதும் கிடையாது.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது எஸ்தரின் துணிப்பையைத் திறக்கச் சொன்னார். மிச்சச் சோற்றைக் குண்டானில் வீட்டுக்கு எடுத்துப்போகக் கேன்டீன் ஆட்களுக்கு அனுமதி உண்டு. பைக்குள் குண்டானும், அதோடு கன்மெட்டல் புஷ் ஒன்றும் இருந்தன. புஷ் என்பது வால்வுக்குள் போகிற கனமான வளையம். ஸ்டோரில் கன்மெட்டல் குறைகிறது என்று ஹெட் ஆபீசிலிருந்து அந்த மாதம்தான் காரசாரமாகக் கடிதம் வந்திருந்தது. மேனேஜருக்கு அவசரமாக ஒரு திருடன் தேவைப்பட்டான். திருடி கிடைத்துவிட்டாள்.

எஸ்தரை சஸ்பெண்ட் செய்தார்கள். புகார் கொடுத்தவர் சுபேதார். ஒரே சாட்சியும் அவர்தான். "கேஸ் அவருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று விசாரணை அதிகாரியாகவும் அவரையே மேனேஜர் போட்டார். விசாரணை வெள்ளிக்கிழமை என்று முடிவானது. வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு எனக்கு மெட்ராஸ்ல மீட்டிங். டிஸ்மிஸ் ஆர்டர இன்னிக்கே அடிச்சு வெச்சுடு. வந்து கையெழுத்துப் போட்டுக்கிறேன்."

அடித்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி. "முறையான விசாரணையில் குற்றம் நிரூபணமானதால்" என்கிற வரியை இங்கிலீஷில் பிழையில்லாமல் அடித்தேன்.

அடித்து முடித்த பிறகுதான் செய்தது என்னவென்று உறைத்தது. துரையிடம் போய்ச் சொன்னேன். ஒரே ஆள் மூன்று வேலை என்று கேட்டதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஆனால் புத்தகத்தை எடுக்கவில்லை.

"நான் அங்கேதான் குடிமகன். இங்கே விருந்தாளி. நான் வாய் திறந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். நீ திறந்தால்?"

"வேலை போய்விடும்."

"அப்படியானால் அவளுக்காகப் பேச உரிமை உள்ள ஆள் யாராவது இருக்கிறாரா?"

விசாரணைக்கு ஒர்க்ஸ் கமிட்டி மெம்பர் ஒருவர் துணைக்கு வரலாம் என்று எங்கள் தொழிற்சாலை விதிகளில், அதாவது ஸ்டாண்டிங் ஆர்டரில், இருந்தது. சைக்கிள் ஷெட்டில் தனபாலைப் பிடித்து, புகார், சாட்சி, தீர்ப்பு மூன்றும் சுபேதார்தான் என்று சொன்னேன். ஆர்டர் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்பதைச் சொல்லவில்லை.

4. நாற்காலி

விசாரணை டிரெய்னிங் ரூமில் நடந்தது. சுபேதார் மேஜைக்குப் பின்னால், எதிரே எஸ்தர், பக்கத்தில் தனபால், மூலையில் குறிப்பெடுக்க நான்.

தனபால் எழுந்து கேட்டார். "சார், கம்ப்ளெயின்ட் யாரு குடுத்தது?"

"நான்."

"சாட்சி?"

"நான்."

"தீர்ப்பு?"

"நான்தான். மேனேஜர் ஆர்டர் இருக்கு."

"செரி சார். நாங்க வேணாம்னு சொல்லல. ஆனா எப்போ எந்த ஆளாப் பேசுறீங்கன்னு எங்களுக்குத் தெரியணும். மூணு நாற்காலி போட்டுர்றேன். எந்த வேலையோ அந்த நாற்காலில குந்திப் பேசுங்க. ஒருத்தர ஒருத்தர் செக் பண்ணிக்கலாம்."

சுபேதார் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர், தனபால் வரிசையாக இழுத்துப் போட்ட மூன்று நாற்காலிகளையும் பார்த்தார். "கரெக்ட். டியூட்டி வேற வேறன்னா பொசிஷனும் வேற வேறயாத்தான் இருக்கணும்" என்றார்.

முதல் நாற்காலியில் உட்கார்ந்து புகாரைப் படித்தார். எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், நடு நாற்காலியில் அமர்ந்தார். "கம்ப்ளெயின்ட் கேட்டாச்சு. சாட்சி வரட்டும்" என்றார். எழுந்து மூன்றாவதில் போய் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் எஸ்தரின் வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நடு நாற்காலி: "பொருள் எங்க இருந்தது?"

மூன்றாம் நாற்காலி: "பைக்குள்ள. குண்டான் அடியில."

"எப்படி இருந்தது?"

"குண்டானோட ஒட்டிக்கிட்டு இருந்தது. கஞ்சி காஞ்சு போயிருந்தது. பிச்சுத்தான் எடுத்தேன்."

"அந்தம்மா அத எடுத்துப் பைக்குள்ள வெச்சத நீங்க பாத்தீங்களா?"

தன்னைத் தானே அவர் 'நீங்க' என்றுதான் கேட்டார். எழுந்து போய் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாக்கல" என்றார்.

மறுபடி நடு நாற்காலி. குரல் இப்போது நிஜமாகவே அதிகாரிக் குரலாக இருந்தது. "பாக்காம, திருடினாங்கன்னு கம்ப்ளெயின்ட்ல எப்படி எழுதினீங்க?"

போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். நான் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு எஸ்தரைப் பேசச் சொன்னார்.

"கேன்டீன்ல எல்லாக் குண்டானுக்கும் அதான் சார் பிரிமணை. வேணாம்னு செவப்புப் பெயின்ட் அடிச்சிப் போடுவாங்கோ பாரு, அத்த எடுத்தாந்துதான் அடியில வெப்போம், சாயாம நிக்கும். வடிகஞ்சி பட்டு ஒட்டிக்கிச்சி. அன்னிக்கி ரயிலுக்கு டைம் ஆயிடிச்சின்னு அப்டியே தூக்கிப் பையில வெச்சிக்கினேன். கனமா கீதேன்னு பாத்தேன், சோறு கூட இருக்குன்னு சந்தோசப்பட்டேன்."

சுபேதார் எழுந்து நேராகக் கேன்டீனுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். ஒவ்வொரு குண்டானையும் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ரிஜெக்ட் புஷ், சிவப்புப் பெயின்ட்டோடு. பிடிபட்ட புஷ்ஷின் கஞ்சியைச் சுரண்டினார். அடியில் அதே சிவப்பு. திரும்பி வந்து நடு நாற்காலியில் அமர்ந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று என்னை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் திரும்பி வந்து குதித்தார். ஆனால் விசாரணை அதிகாரியை நியமித்ததே அவர். தீர்ப்பு எழுதியவரும், சாட்சி சொன்னவரும், புகார் கொடுத்தவரும் ஒருமனதாக இருந்தார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை.

5. டோக்கன் நம்பர்

திங்கட்கிழமை காலை எஸ்தர் வேலைக்குச் சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட டைம் ஆபீசுக்கு வந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. துரையின் புத்தகம் கும்மிடிப்பூண்டியில் வேலை செய்துவிட்டது, அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான் என்கிற நினைப்பு. சைக்கிள் ஷெட்டில் நான் தனபாலிடம் சொன்ன கதையை அவருக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

கிழிக்க வேண்டும் என்று எடுத்து வைத்த ஆர்டர் மேஜைமேல் கிடந்தது. எஸ்தருக்கு இங்கிலீஷ் தெரியாது. தன் கார்டில் இருக்கும் டோக்கன் நம்பர் தெரியும்.

"இன்னா நைனா இது, என் நம்பரு போட்டுக்கீது?"

"டிஸ்மிஸ் ஆர்டரும்மா. அது கேன்சல்."

"எப்போ அடிச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். தேதி நம்பரில்தான் இருந்தது. அதையும் அவர் படித்துவிடுவார்.

"வியாழக்கெழம."

"என்கொயரி வெள்ளிக்கெழமதான?"

"ஆமா."

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு பேரு தனித்தனியா இருக்கணும்னு சோறு துன்னுக்கினே நீதான சொன்ன. ஒருத்தரும் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நீ அடிச்சி வெச்சிட்ட. அந்த முரட்டு மனுசன் நாற்காலி மாறிக் குந்துனாரு. நீ குந்துன எடத்தவுட்டு எய்ந்திருக்கவே இல்ல நைனா."

கையெழுத்தைப் போட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று மத்தியானம் கேன்டீனுக்குப் போகவில்லை.

இப்போது ஆபீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். அரசாங்கத்துக்கு மூன்று கிளை என்று அந்தப் புத்தகம் சொல்லும். டைப் அடிக்கிறவனைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. மூன்றையும் ஒன்றாக்க நினைக்கிற எவனும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவான்.

அடுத்த வருஷமே, கிரைண்டிங் ஷாப்பில் ஒருவர்மேல் விசாரணை வந்தது. முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஆர்டரை அடித்து வைக்கச் சொன்னார். எழுந்து நின்று அரசியல் தத்துவம் பேசுகிற தைரியம் எனக்கு அப்போதும் இல்லை.

"டைப்ரைட்டர் ரிப்பன் போயிடுச்சு சார். புதுசு வரணும்" என்றேன்.

"எப்ப வரும்?"

"விசாரணை முடிஞ்சதும் வந்துடும் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சரி என்றார். நான் ரிட்டையர் ஆகிற வரை அந்த மெஷினுக்கு ரிப்பன் ஒருநாளும் விசாரணைக்கு முன்னால் வந்ததில்லை.