நாலு தலை

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு கடற்கரை ஊரில் விடியலைப் படமெடுக்கக் காத்து நிற்கிறேன். கேமராவில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன், தானாகவே கூடிக் குறையும்படி இருக்கிறது. அதற்கு உச்ச வரம்பு வைக்க மறந்துவிட்டேன். தூரத்து வள்ளத்தைப் படமெடுக்கிறேன். இருட்டில் ஐஎஸ்ஓ கண்டபடி ஏறி, படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். எரிச்சலோடு அழிக்கப் போகிறேன்.

பக்கத்தில் மீன் அள்ளும் காலிச் சருவப் பாத்திரத்தோடு நிற்கும் அக்கா எட்டிப் பார்க்கிறார். "அழிச்சிராதீங்க. நேத்தே வரவேண்டிய வள்ளமாக்கும்."

பெரிதாக்கிக் காட்டுகிறேன். திரையில் விரல் வைத்து எண்ணுகிறார்.

"நாலு பேரு போனாவ. நாலு தலையும் உண்டு."

"படம் சரியில்லக்கா, ஒரே புள்ளி."

"புள்ளி கெடந்தா கெடக்கட்டு" என்கிறார், விரலை எடுக்காமலே. "முன்னால நிக்கியது எங்க வீட்டுக்காரராக்கும்."