தொண்ணூற்றேழு

நாகையா கப்பலேற இரண்டே நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமியை ரயிலில் கிள்ளானுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பழைய இரும்பப் பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வா லா, மலையாக் குவிஞ்சு கிடக்கு!" என்றான் ரயில்வேயில் வேலை பார்க்கும் பக்கிரிசாமி.

நாகையா சிரித்தான். நாகப்பட்டினத்திலிருந்து மலாய் நாட்டுக்கு நில அளவை படிக்க வந்தவன். மூன்று ஆண்டுகளாகப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கிரிசாமியின் அறையில் தங்கியிருந்தான். பந்து உருளும் திடல் எதுவானாலும் செருப்பைக் கழற்றி இறங்கிவிடுவான். விடுமுறையானால் குகை, பழைய கோட்டை, ஈயச் சுரங்கம் என்று அலைந்து, உடம்பெல்லாம் சேறோடு திரும்புவான். பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்துவைப்பான். இப்போது அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று தந்தி. போனால் திரும்பி வருவதற்கில்லை.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது. கிள்ளானில், கம்பம் என்று சொல்லும் ஒரு மலாய்ச் சிற்றூரில், உமர் என்ற பெரியவர் கிணறு தோண்டியபோது கிடைத்த இரும்புத் துண்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். எந்தக் காலத்து இரும்போ! கம்பத்து மக்கள் அதைப் பெருங்குரங்கின் எலும்பு என்றார்கள். அதற்கான பக்கம் அது.

உமர் மலாயில் சொன்னதைப் பக்கிரிசாமி தமிழில் சொன்னான்: "பார்க்க வர்றவன் எல்லாம் வெலை கேக்குறானாம். அதனால ஒரு கண்டிசன். இன்னிக்கு ஆட்டத்துல ஒரு ஆள் குறையுதாம். நீ நில்லு. நூறு வந்தா பெட்டி தொறக்கும்."

ஆட்டம் எளிது. வட்டமாக நிற்கும் ஏழு பேரும் பிரம்புப் பந்தைக் காலாலும் முழங்காலாலும் தலையாலும் தட்டித் தரையில் விழாமல் காக்க வேண்டும். கை மட்டும் படக் கூடாது. விழாமல் நூறு தட்டு என்பதை இந்தக் கம்பம் அதுவரை தொட்டதில்லை.

பதினெட்டில் ஒருமுறை விழுந்தது. நாற்பதில் ஒருமுறை. மூன்றாவது முறை பந்து விழவே இல்லை. ஐம்பது. எழுபது. அடுப்படியிலிருந்து பெண்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். பக்கிரிசாமி வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு விரலை மடக்கத் தொடங்கினான். தொண்ணூறு. நாகையாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொண்ணூற்றைந்து.

பந்து தாழ்வாக வந்தது. உமரும் நாகையாவும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். உமர் அதை மேலே தூக்கிவிட்டார், தொண்ணூற்றாறு. நாகையாவின் கால் அவருடைய முழங்காலில் இடித்தது. பந்து நேராக நாகையாவின் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. தலையைக் கொடுத்தால் போதும், தொண்ணூற்றேழு.

அவன் குனிந்தான். பெரியவர்மேல் கால் பட்டுவிட்டதே என்று அவருடைய முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பந்து அவன் முதுகில் பட்டு மண்ணில் உருண்டது.

பெண்கள் அடுப்படிக்குத் திரும்பினார்கள்.

"அட பாவி," என்று பக்கிரிசாமி முனகினான்.

உமர் தம் முழங்காலையும் நாகையாவையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கிரிசாமி காரணத்தை விளக்கியதும் தலையை மெல்ல அசைத்தார். ஆனால் நூறு வரவில்லை. அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்.

"செவ்வாக்கெழமை கப்பல்னு சொல்றேன்டா. மனுசன் தொறந்துடுவாரு," என்றான் பக்கிரிசாமி.

"சொல்லாத. விட்டது நான்தானே."

திரும்பும் ரயிலில் நாகையா அந்தப் பக்கத்தில் ஏழு புள்ளிகளை வட்டமாக வைத்தான். வேறொன்றும் வரையவில்லை.

அடுத்த ஞாயிறு பக்கிரிசாமி தனியாகக் கிள்ளானுக்குப் போனான். பந்து விளையாடியே பழகாதவன், நாகையா நின்ற இடத்தில் நின்றான். முதல் நாள் மூன்றுக்குமேல் போகவில்லை, கம்பமே சிரித்தது. அதன்பின் ஞாயிறு தவறாமல் போனான். ஏழு மாதம் கழித்து நூறு வந்தது. உமர் பெட்டியைத் திறந்தார். முழ நீளம், வளைந்து, துருவேறிய துண்டு. பக்கிரிசாமிக்கு வரையத் தெரியாது. காகிதத்தின்மேல் இரும்பை வைத்து விளிம்பைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினான். இரண்டு இடத்தில் கோடு பிசகியது. அதை வேறொன்றும் எழுதாமல் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினான்.

பதில் நாகையாவின் தங்கை சந்திரகலாவிடமிருந்து வந்தது. இந்தக் காகிதம் வருமுன்பே, மாசியிலேயே, அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்று எழுதியிருந்தாள். அனுப்பிய காகிதத்தைத் தானே மடித்து அண்ணனுடைய நோட்டில் ஏழு புள்ளிகள் மட்டும் இருந்த பக்கத்தோடு ஒட்டிவிட்டதாகச் சொல்லி, இது என்ன என்று தெரியவில்லை, தெரிந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தாள்.