பூட்டுப் போட்ட ஊற்று

கிட்டூயிப் பக்கத்தில் சியோம்புவாவைப் போலப் பூட்டுமேல் ஆசை வைத்த பெண் வேறு யாரும் கிடையாது. சர்க்கரை டப்பாவுக்கு ஒரு பூட்டு, கோழிக்கூண்டுக்கு ஒரு பூட்டு. மாட்ட இடம் இருந்திருந்தால் புருஷனுக்கும் ஒன்று மாட்டியிருப்பாள் என்று ஊரில் பேச்சு.

வெயில் காலத்தில் அங்கே ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். தண்ணீர் மணலுக்கடியில் இருக்கும்; தோண்டினால் ஊறும். அந்த வருஷம் சியோம்புவா தன் ஊற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள் அடைத்து, தகரக் கதவு வைத்து, அதிலும் ஒரு பூட்டைத் தொங்கவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கலோண்டு வேலியை ஒட்டி வெளியே இன்னும் ஆழமாக ஒரு குழி தோண்டினாள். கழுதைக்குத் தண்ணீர் காட்டினாள், துணி துவைத்தாள், கேன்களையெல்லாம் நிரப்பினாள். சாயங்காலம் சியோம்புவா வந்து பூட்டைத் திறந்தால், உள்ளே ஈர மணல்தான் இருந்தது.

"ஏண்டி, என் தண்ணியத் திருடிட்டியா?"

"நான் எங்கக்கா உள்ள வந்தேன்? வேலி பிரியல, பூட்டு உடையல. மணலுக்கடியில அதுவா நடந்து வந்துச்சு. நீ கதவ மேல வச்சா அதுக்கெப்படித் தெரியும்?"

"பேச்ச விடு. என் தண்ணிய எனக்குக் குடு."

"தாராளமா எடுத்துக்கக்கா. இதுல எது உன்னுதுன்னு மட்டும் காட்டிட்டு எடு."

தண்ணீருக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சியோம்புவா கலோண்டுவின் குழிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இந்தா, என் மூஞ்சி தெரியுதில்ல? இதுதான்" என்று சுரைக்குடுவையை முக்கினாள்.