சாக்கு விலகாத வேலி

அம்சவேணியிடம் வந்த அன்று மூன்று நரிகளும் மண்ணில் கால் வைக்க மறுத்தன. டெல்லிக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில், கம்பிவலைத் தரையில் பிறந்து அதிலேயே வளர்ந்தவை அவை. விடியற்காலையில் நரி முகத்தில் விழித்தால் அன்று தொட்டது துலங்கும் என்று நம்பி வருகிறவர்களுக்குக் காட்டவும் விற்கவும் ஒருவன் அவற்றைக் குட்டி போட வைத்திருந்தான். முகத்தைத் திருப்பாத நரியைக் குச்சியால் குத்தித் திருப்புவார்கள்.

அவன் பிடிபட்டான். காட்டில் விட்டால் நரிகளுக்கு இரை பிடிக்கத் தெரியாது. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த அம்சவேணி, வழக்கு முடியும்வரை பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். நான்கு வருடமாகியும் வழக்கு முடியவில்லை.

டெல்லி ஓரத்தில் நஜஃப்கட் பக்கம் சும்மா கிடந்த தன் மனையை வேலி போடக் கொடுத்தவர் ரத்தினவேல், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தாயம்மாள் குளிருக்குப் பழைய ரஜாய்களை, பஞ்சு வைத்த போர்வைகளைக் கொடுத்தாள். நரிகள் மெல்ல மெல்ல மண்ணில் இறங்கின, வளை தோண்டின. விடிகிற நேரத்தில் வேலியோரம் ஆள் முகம் தெரிந்தால் மட்டும் தங்கள் வாலையே ரத்தம் வரக் கடித்தன. அதனால் அம்சவேணி ஆள் உயரத்துக்கு வேலியைச் சுற்றிச் சாக்கு கட்டினாள்.

2003 மார்ச்சில் ரத்தினவேல் வந்தார்.

"ஏத்தா, நாளைக்குப் பிரதீப்புக்கு விசா இன்டர்வியூ. சாணக்யபுரி எம்பசிக்குப் போற வழியில விடிய இங்க கூட்டியாரேன். ஒரு நிமிசம் சாக்கை விலக்கு."

"முடியாதுங்ணா."

"என்னத்தா, எம்மவன் கடிச்சா திங்கப்போறான்? பாக்கத்தான போறான்."

"பாக்க வந்தவங்களாலதானுங்க அதுங்க இந்தக் கதிக்கு வந்துச்சு."

"ரெண்டு தடவை விசா இல்லைன்னுட்டான். அவுக ஆத்தா சோறு திங்காமக் கெடக்கா."

தாயம்மாள் பேச்சு வந்ததும் அம்சவேணி குரலைத் தணித்தாள். "அக்காகிட்ட நானே வந்து பேசறேனுங்க. சாக்கு நகராதுங்க."

"அப்ப என் நெலத்துல எதுக்கு இருக்கணும்?"

"நெலம் உங்களுதுதானுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிக்கறேன்."

"எங்க கொண்டு போவ? ஜனக்புரி ஃபிளாட்டுக்கா?"

"ஆமாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் சொன்னபடியே விடியலில் வந்தார். பின்னால் டை கட்டிய பிரதீப். வேலிக் கதவுக்கு முன்னால் அம்சவேணி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சாக்கில் கை வைத்ததும் எழுந்து, அதே சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிரதீப் கண்ணு, இன்னிக்கு என்ற மூஞ்சியில முழிச்சுட்டுப் போ. என்னால காட்ட முடியறது அது ஒண்ணுதான்."

பிரதீப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சலோப்பா, போலாம், லேட் ஆகுது. ஆன்ட்டி விடமாட்டாங்க."

விசா மூன்றாம் முறையும் கிடைக்கவில்லை. தாயம்மாளைப் பார்க்கப் போனவளுக்கு வீட்டுக் கதவு திறக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அழுதாள். ஆனால் சாக்கை விலக்கியிருக்கலாம் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. ஜனக்புரியில் அப்பா விட்டுப்போன தரைத்தள ஃபிளாட்டின் பின்முற்றத்தில் அதற்குள் புதிதாகக் கம்பி அடித்துச் சாக்கும் கட்டியிருந்தாள். தரை மட்டும் முழுக்கச் சிமென்ட். நரிக்கூண்டுகளை ஏற்றிவிட்டு, மண்வெட்டியால் மண்ணை அள்ளி மூட்டை கட்டத் தொடங்கினாள்.

ரத்தினவேல் மனை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"மண்ணையுமா அள்ளிட்டுப் போற?"

"அதுங்க எறங்கிப் பழகின மண்ணுங்க. மறுபடி வெறுந்தரையில விடமாட்டேன்."

"நான் வேணாம்னா?"

"வந்து புடிச்சு நிறுத்துங்க."

அவர் அசையவில்லை. அம்சவேணி நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த சாக்கை உதறி விரித்தாள்.