சென்றாயன் கூப்பிடாத பெயர்

வெள்ளைக்காரத் துரைமாரின் காப்பி எஸ்டேட்டுகள் கொடிகட்டிப் பறந்த காலம். ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் மாணவர்கள் வருடம் ஒருமுறை கூடாரம் தூக்கிக்கொண்டு சேர்வராயன் மலைக்காட்டுக்குள் போவார்கள். வேண்டுதல் கிடையாது, விறகு வெட்டும் வேலையும் கிடையாது. சும்மா காட்டில் படுத்து எழுந்து வருவார்கள். படுக்க நல்ல கட்டில் இருக்கும்போது இதென்ன கொழுப்பு என்று மலைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர்களுக்கு வழிகாட்டப் போனவர் சென்றாயன். மலைச்சரிவில் சாமை விதைத்து, நாலு பலா மரம் வைத்துப் பிழைத்த குடியானவர். பிள்ளை இல்லாத மனுஷன். அந்தப் பையன்கள் என்றால் உயிர். அதிலும் சேலத்து ஜவுளிக்கடைக்காரர் மகன் செல்லப்பன்மேல் தனிப் பிரியம். அவன் ஓணானைக் கண்டாலே அவர் வேட்டியைப் பிடித்துக்கொள்ளும் பயந்தாங்கொள்ளி. மற்றவர்கள் கேலி செய்தால், சின்ன வயதில் தானும் இப்படித்தான் என்று சென்றாயன் கூசாமல் பொய் சொல்வார்.

அந்த வருடம் சாயங்காலம் திடீரென்று மூடுபனி இறங்கியது. பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. சுள்ளி பொறுக்கப் போன செல்லப்பன் திரும்பவில்லை. வாத்தியார் மற்ற பையன்களைக் கூடாரத்தில் உட்காரவைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடும்படி சென்றாயனை அனுப்பினார்.

சென்றாயன் தலையாட்டினார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. பனி மூடிய காட்டில் ஆள் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது என்பது அவர் குடும்பத்து வழக்கம். காட்டில் உலவுவது அந்தப் பெயரைக் கேட்டுவைத்துக்கொண்டால், பிறகு அதுவே கூப்பிட்டு அழைத்துப் போய்விடுமாம். அதனால் "கூ" என்று நீட்டிக் குரல் கொடுப்பார்கள். கேட்டவனும் பதிலுக்குக் கூவுவான். பெற்ற பிள்ளைக்கு என்ன செய்திருப்பாரோ, பாவம், அதையேதான் செய்தார். தொண்டை கிழியக் கூவினார். பதில் இல்லை. தூரத்தில் சருகு நொறுங்கியது. அந்தப் பக்கம் ஓடி இன்னும் பலமாகக் கூவினார். சருகுச் சத்தம் விலகி விலகிப் போய், சட்டென்று நின்றது.

பனி விலகியபோது செல்லப்பன் ஒரு பாறையிலிருந்து விழுந்து, கீழே கல்லிடுக்கில் கால் நசுங்கிக் கிடந்தான். முதுகில் சுமந்து வந்து, டோலியில் வைத்து அடிவாரம் இறக்கி, சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பையன் வீடு திரும்பிய பிறகு, சென்றாயன் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு பார்க்கப் போனார். செல்லப்பனின் அப்பா வாசலுக்கே ஓடி வந்து கும்பிட்டார். ஏதோ மிருகம் ஊளையிட்டுத் துரத்தியது, பயந்து ஓடியதில் விழுந்தேன் என்று பையன் சொல்லியிருந்தான்.

"அதுங்கிட்ட இருந்து எம் மவன மீட்டுக் குடுத்த தெய்வமுங்க நீங்க" என்றார்.

சேலத்துப் பையனுக்கு மலைக்காரன் கூவல் எங்கே தெரியும்? கூட்டிப் போனவர்களில் ஒருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. சென்றாயனுக்கும்தான். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு அவர் திரும்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? மனசு கேட்கவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"அது மிருகமில்ல சாமி. நாந்தான் கூவுனேன்."

ஏன் பெயர் சொல்லவில்லை என்பதையும் அழுதுகொண்டே சொன்னார். அப்பாவின் கும்பிட்ட கை இறங்கியது. செல்லப்பனுக்குக் கோபம் வரவில்லை. போர்வைக்குள் கால் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டே யோசித்தான்.

"எம் பேரச் சொல்லியிருந்தா, ஒரு எட்டுக்கூட நகந்திருக்க மாட்டனுங்களே" என்றான்.