கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வரி

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கான இன்டர்வியூ. எனக்குப் பக்கத்து நாற்காலியில், நெற்றியில் விபூதிக் கீற்றோடு ஓர் அம்மா. பயோடேட்டாவின் கடைசி வரியைக் கட்டைவிரலால் மூடியே வைத்திருந்தார். அந்த இடம் வியர்வையில் நனைந்திருந்தது.

“பழைய கம்பெனியில பெண்கள் புகார்க் குழுவுல மெம்பரா இருந்தனுங்க. அதைப் போட்டது தப்புங்களா?”

“நல்ல விசயந்தானுங்களே?”

“நமக்கு நல்லதுங்க. இவங்க, பிரச்சனை பண்ற பொம்பளைன்னு நெனச்சுட்டாங்கன்னா?”

உள்ளே போனவர் சீக்கிரமே திரும்பினார்.

“கடைசி வரியைப் படிச்சதும் மேனேஜர் பேனாவை மூடிட்டாருங்க.”

இப்போது அவர் அந்த வரியை மறைக்கவில்லை. தாளை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

அடுத்து என்னை அழைத்தார்கள். என் பயோடேட்டாவின் கடைசி வரி, ரத்ததானக் குழு உறுப்பினர் என்பதுதான். எழுந்து நடக்கும்போது பார்த்தேன், என் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.