பழுதில்லாத கருவிகள்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. அந்தப் பிப்ரவரி வரைக்கும் நானும் நம்பாத ஆள்தான். பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இது நடந்தது மத்தியானம். சாப்பிட்ட பாஸ்தா இன்னும் செரிக்கவில்லை.

அப்போது சியெனா நகரத்தில் படித்துக்கொண்டே, எங்கள் மலையூர்ச் சகோதர சபையின் ஆம்புலன்ஸில் தொண்டனாகப் போய்க்கொண்டிருந்தேன். சபைக்கு ஐந்நூறு வயது. வண்டிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. பின்கதவை உதைத்தால்தான் மூடும்.

சபையில் ஒரு பழக்கம். நோயாளியைத் தூக்கிப் போகையில் கை மாற்றினால், வாங்குகிறவர் 'கடவுள் உனக்குப் பலன் தரட்டும்' என்பார். கொடுக்கிறவர் 'நிம்மதியாப் போ' என்பார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை பேசும் டிரைவர் இவானோகூட இதில் பிசக மாட்டார்.

அன்றைக்குக் கூப்பிட்டது ஆர்ஜியா என்ற கிழவி. மூன்றாவது மாடி, தனி வாசம், நெஞ்சு வலி. கதவு திறந்தே கிடந்தது. கணப்பு இல்லாத அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும் தம்பி. ஆறு வருஷமாப் பேச்சில்லை. அதுவரைக்கும் என்னை விட்டுடாதே."

விட மாட்டேன் என்றேன். உடனே அவர் சொன்ன மகள் பியோரென்சாவின் நம்பரை என் போனில் போட்டேன். அந்தக் கல்சுவருக்குள் சிக்னல் இல்லை. கீழே போய்ப் பேசலாம் என்று சமாதானம் சொன்னேன்.

எங்கள் குழுத் தலைவர் லொரெதானா, கிழவியின் விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினார். எண் வரவில்லை. கை ஜில்லென்று இருக்கிறது, அதனால்தான் என்றார். ரத்த அழுத்தக் கருவி காற்றை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் பிழை என்றது. பட்டையில் ஓட்டை என்றார். மானிட்டரில் நேர்கோடு. ஒயர் போய்விட்டது.

"இந்த வண்டில உருப்படியா வேலை செய்யறது நான் ஒருத்தன்தான்" என்றார் இவானோ.

கிழவிகூடச் சிரித்தார்.

மடக்கு நாற்காலியில் வைத்துக் கட்டினோம். இவானோ தலைப்பக்கம். நான் கால்பக்கம், பின்னோக்கி இறங்கினேன். லொரெதானா ஆக்சிஜன் சிலிண்டரோடு முன்னாலேயே தெருவுக்குப் போய்விட்டார். படிக்கட்டு விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற வகை.

டிக்... டிக்... டிக்...

அணைந்தது.

இரண்டாம் மாடித் திருப்பம். என் விரல்கள் நழுவத் தொடங்கின.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. என் கைகளை ஒட்டிப் பிடியைப் பற்றின.

பாரம் போய்விட்டது.

யாரோ கீழ்வீட்டுக்காரர் என்று நினைத்துச் சுவரோரம் ஒதுங்கினேன். "நிம்மதியாப் போ" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

பதில் இல்லை.

நாற்காலி என்னைக் கடந்து இறங்கியது. இவானோவின் பூட்ஸ் சத்தம்... தட்... தட்...

ஒரு ஜோடி மட்டும்.

நான் தெருவுக்கு வந்தபோது நாற்காலி வண்டிப் பக்கத்தில் நின்றது. வேறு யாரும் இல்லை.

"பரவாயில்லையே பேராசிரியரே" என்றார் இவானோ, மூச்சு வாங்க. படிக்கிறவன் என்பதால் எனக்கு அந்தப் பேர். "ஒரு எடத்துலகூட எறக்கி வைக்கலையே."

"நான் தூக்கலை."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

"கால்பக்கம் தூக்கினவன் ஏன் பேசவே மாட்டேங்கறான்?" என்று கேட்டார் கிழவி.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தோம். முழங்கால் நிமிரவில்லை. மூட்டுவாதம் என்று நினைத்தோம். வண்டி கிளம்பியது. சிக்னல் வந்ததும் பியோரென்சாவைக் கூப்பிட்டு, போனைக் கிழவியின் காதில் வைத்தேன்.

"அப்பா சாவுக்கு உன்னை வர விடாதது நான்தான். மனசுல வச்சுக்காதே."

மறுமுனையில் அழுகை. எனக்கே கேட்டது.

"அவ்வளவுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மானிட்டரைப் பார்த்தேன். அதே நேர்கோடு.

எதுவும் மாறவில்லை.

மூச்சு இல்லை என்றதும், ஆஸ்பத்திரி வரைக்கும் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனோம். டாக்டர் தாடையைத் தொட்டார். கையை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை.

"காலையிலேயே உயிர் போயிருக்கு. எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

கிழவி எங்களிடம் பேசினார் என்று லொரெதானா சொன்னார். குடித்திருக்கிறோமா என்று டாக்டர் எங்களை முகர்ந்து பார்க்காத குறை.

சாயங்காலம் பியோரென்சா வந்தார். அம்மா குரல்தான், சத்தியம் செய்வேன் என்றார்.

மறுநாள் மெக்கானிக், கிளிப், பட்டை, ஒயர் மூன்றையும் தன் உடம்பிலேயே மாட்டிச் சோதித்தார். எதிலும் பழுதில்லை.

இவானோவிடம் தனியாகக் கேட்டேன். கை மாற்றியவன் ஏன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை? வாயில் வைத்த சிகரெட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"பொணத்தைத் தூக்கறப்ப மட்டும் சொல்ல மாட்டோம். பேசாம மாத்திப்போம். நீ புதுசு, உனக்குத் தெரியாது."

இந்த வழக்கம் சபைக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாதாம்.

அன்றைக்கு அங்கே சபைக்காரர்கள் மூன்றே பேர். தலைப்பக்கம் இவானோ. தெருவில் லொரெதானா.

சுவரோரம் நான்.